தண்ணீர் வடிந்த குழி

அறுபத்து மூன்று வயதில் மறுமணம் செய்துகொண்டு எர்லீன் தன் புதுக் கணவர் லியோத்தாவின் வீட்டுக்கு வந்தபோது, இரண்டு பெட்டிகளோடு ஒரு பிளாஸ்டிக் வாளியும் வந்தது. வாளியில், பெரிய வெள்ளைப் பூப் பூக்கும் மக்னோலியா மரத்தின் இடுப்புயரக் கன்று. இறந்துபோன கணவர் ராஸ்கோ நட்ட மரத்தின் விதையில் முளைத்தது.

வாசலை ஒட்டி நடலாம் என்றாள். லியோத்தா முப்பது வருடம் மிசிசிப்பிச் சாலையோரங்களில் மரக்கிளை கழித்தவர். கூரைக்குப் பக்கத்தில் வைத்தால் வருடம் முழுக்க இலை வாரியே முதுகு ஒடிந்துபோகும் என்றார். சாலைப் பக்கம் மின்கம்பி. கொல்லையில் கழிவுநீர்த் தொட்டி. மற்ற இடங்களில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். களிமண், மறுநாளும் தண்ணீர் அப்படியே நின்றது; வேர் அழுகிவிடும்.

ஒரே ஒரு குழியில்தான் மதியத்துக்குள் வடிந்தது. கிழக்குச் சரிவில், ரோஜாப் பாத்தியை ஒட்டி. பாத்தி அவருடைய முதல் மனைவி வெர்னெல் போட்டது. அவள் இறந்து ஆறு வருடம். மக்னோலியா வளர்ந்தால் அதன் நிழலில் ரோஜா பிழைக்காது.

நம் நிலத்தில் தோதான இடமே இல்லை, கன்றைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். வடிந்த குழியை எர்லீனும் பார்த்திருந்தாள். ஆனாலும் கோபம் வரவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், வாளியைப் பார்க்காமலே பேசினார்.

சாப்பிடும்போது சோள ரொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த ரோஜாவ எல்லாம் சமையலறை ஜன்னலுக்குக் கீழ மாத்திடு. அங்க நல்ல வெயில்."

"அது வெர்னெலோடது, எர்லீன்."

"தெரியும். வாளியில இருக்கறது ராஸ்கோவோடது. அவங்க ரெண்டு பேரையும் வெளிய நிறுத்திட்டா நாம குடும்பம் நடத்தப் போறோம்?"

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார்.

"நான் பாத்திரம் கழுவற இடம் அது. தெனமும் உன் பொண்டாட்டி மொகத்துலதான் முழிக்கணும்னா முழிச்சிட்டுப் போறேன், கெழவா."

சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பிப்ரவரியில் ஐந்து ரோஜாச் செடிகளை மண்ணோடு பெயர்த்து ஜன்னலுக்குக் கீழே நட்டார்கள்; மக்னோலியாவைத் தண்ணீர் வடிந்த குழியில் வைத்தார்கள். ரோஜாவில் ஒன்று பட்டுப்போயிற்று. ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எர்லீன் அதே சிவப்பைத் தேடி மூன்று நாற்றுப் பண்ணை அலைந்து வாங்கி வந்தாள்.

மக்னோலியா இரண்டு வருடம் அசையாமல் நின்றுவிட்டு, மூன்றாம் வருடம் விறுவிறுவென்று ஏறியது. பதினோராம் வருடம் மே மாதத்தில், எட்டாத உயரத்தில் ஒற்றைப் பூ. ஏணி எடுக்கப் போன லியோத்தாவைச் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள் எர்லீன். இருவரும் நாற்காலி போட்டு, இருட்டும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.