கருப்பாக வந்த படங்கள்

மடிக்கணினிக்கு ஆயுசு முடிந்துவிட்டது என்று முதலில் சொன்னவன் அவளுடைய கொழுந்தன்தான். கம்ப்யூட்டர் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதற்குப் பதிலாக எதை விற்கலாம் என்று கணக்குப் போடுகிற கண் அவனுக்கு.

"அண்ணி, இதுல இருக்கிற சிஸ்டத்துக்கு இனிமே அப்டேட் கிடையாது. புது சிஸ்டம் போடலாம்னா இந்த மெஷின் தாங்காதுன்னு கம்பெனிக்காரனே கைய விரிச்சுட்டான். பேசாம தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுத்துடுங்க."

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. ஆனா செத்துப்போச்சு."

"ஓடிட்டிருக்கிறது எப்படிப்பா சாகும்?"

அவன் பழம் தின்றான். அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கணினியை அவள் தன் உழைப்பில் வாங்கினாள். கீல் தளரவில்லை, ஒரு விசை தேயவில்லை. எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அது செத்துவிட்டது என்று அறிவித்தால், அவள் வாயை மூடிக்கொண்டு துக்கம் அனுசரிக்க வேண்டுமாம்.

அவள் பார்ப்பது வீட்டிலிருந்தபடி செய்கிற தட்டச்சு வேலை. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த கையோடு, என்ன நோய், என்ன மருந்து என்று பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுக்க வேண்டும். மேஜைக்கடியில் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல் ஒரு கால்பெடல். நடுவில் மிதித்தால் டாக்டர் பேசுவார். இடப்பக்கம் மிதித்தால் பின்னால் போவார். காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். கை விசைப்பலகையை விட்டு நகரவே வேண்டாம். கூட வேலை செய்கிறவர்கள் யாரும் பெடல் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் ஆபீஸில் அவளுக்குப் 'பெடல் அக்கா' என்றே பெயர்.

லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டுப் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது கொழுந்தனுக்குப் புரையேறியது.

"அது காலேஜ் பசங்க விளையாடுற சாமான் அண்ணி. உங்க பிரிண்டர் ஓடாது. ஹெட்போன் ஓடாது. பெடல் சத்தியமா ஓடாது."

அந்தச் 'சத்தியமா'தான் வினையாகப் போயிற்று. ஓடலாம், ஓடாமலும் போகலாம் என்று அவன் சொல்லியிருந்தால் அவளும் விட்டிருப்பாள்.

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிற அவள் கணவன் யாரோடும் முட்டிக்கொள்ளாத மனிதன். "எதுக்கு வம்பு?" என்றான் அவன்.

"நானா வம்புக்குப் போனேன்? அதுவே வீடு தேடி வந்திருக்கு."

சனிக்கிழமை காலை சமையலை முடித்துவிட்டு, ஃபைல்களையெல்லாம் பத்திரமாக நகல் எடுத்து வைத்துவிட்டு, லினக்ஸ் ஏற்றி வைத்திருந்த பென்டிரைவைச் செருகினாள். திரையில் புதிய முகப்பு வந்தது. பார்க்கச் சுத்தமாக, துடைத்த மேஜை மாதிரி இருந்தது. சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. வைஃபை என்கிற ஒன்று இந்த உலகத்தில் இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. வைஃபைக்கு உரிய டிரைவர் மென்பொருளை இறக்கலாம் என்றால் அதற்கு இணையம் வேண்டும். இணையம் வேண்டுமென்றால் வைஃபை வேண்டும். கொழுந்தன் சோபாவில் சாய்ந்துகொண்டு, நான் ஒன்றும் சொல்லவில்லை என்கிற முகத்தோடு கூரையைப் பார்த்தான்.

அவள் தன் போனை கேபிளில் கோத்து அதன் வழியாக இணையத்தை எடுத்தாள். டிரைவர் இறங்கியது. அணைத்துப் போட்டதும் பக்கத்து வீட்டு வைஃபை உள்பட எல்லாம் வரிசைகட்டி நின்றன.

பிரிண்டர் விஷயத்தில் கொழுந்தன் மூக்கு உடைபட்டது. இதற்குமுன் அதற்கென்று ஒரு சிடி, ஒரு ஆப், ஒரு பதிவு, ஒரு விளம்பரம் என்று ஊரைக் கூட்டிய பிரிண்டர் அது. இப்போது அவள் ஒன்றுமே செய்யவில்லை. தானாகவே பட்டியலில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் அச்சடித்து, மை காயாத தாளை அவன் மடியில் வைத்தாள்.

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்," என்றான்.

ஹெட்போன் கொஞ்சம் பாடுபடுத்தியது. இணைந்தது, ஆனால் டாக்டர்கள் எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார்கள். மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது ஒலித்தரம் இறங்கிவிடும், கேட்பதற்கு மட்டும் என்று மாற்று என ஓர் இணையக் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். மாற்றினாள். டாக்டர்கள் கிணற்றிலிருந்து ஏறிவந்து காதருகில் நின்றார்கள்.

பெடல் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. சனி போயிற்று, ஞாயிறும் பாதி போயிற்று. பெடல் செருகப்பட்டிருப்பது சிஸ்டத்துக்குத் தெரிகிறது. பெயரைக்கூடச் சரியாகச் சொல்கிறது. மிதித்தால் மட்டும் மௌனம். படித்துப் படித்துக் கடைசியில் அவளுக்கு விளங்கியது: பெடல் பேசத்தான் செய்கிறது, அதைக் கேட்க அவளுக்கு அனுமதி இல்லை. சாதாரண ஆட்கள் தொடலாம் என்று ஒரு வரி விதி எழுதி, சிஸ்டத்துக்குள் உரிய இடத்தில் வைக்க வேண்டும். எழுதி வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பார்த்தால், பெடலின் அடையாள எண்ணில் ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்திருந்தாள். நாளெல்லாம் அடுத்தவர் தப்பைத் திருத்துகிற கை, தன் வரியில் சறுக்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு திருத்தினாள். கம்பியைப் பிடுங்கிச் செருகி, மிதித்தாள்.

"நோயாளிக்கு வயது நாற்பத்தாறு," என்று ஆரம்பித்தார் ஒரு டாக்டர்.

காலை எடுத்தாள். டாக்டர் நிறுத்தினார். மிதித்தாள். பேசினார். வேலை எதுவும் இல்லாமலேயே அவரைப் பத்துப் பதினைந்து முறை பேசவிட்டு நிறுத்தினாள். ஹாலிலிருந்து எட்டிப் பார்த்த கணவன், "என்ன, ஓடுதா?" என்றான்.

"ஓடாம எங்க போகும்," என்றாள்.

மீதி இருந்தது ஒன்றே ஒன்று: ஆபீஸ் கொடுத்த கண்காணிப்பு ஆப். வேலை நேரத்தில் அவ்வப்போது திரையைப் படம் பிடித்து அனுப்பும். யார் வேலை செய்கிறார்கள், யார் சேலை பார்க்கிறார்கள் என்று மேற்பார்வையாளருக்குத் தெரிய வேண்டுமாம். எதற்கெடுத்தாலும் நேரத்தைச் சொல்லியே பேசுகிறவர் என்பதால் தட்டச்சுக்காரப் பெண்கள் அவருக்கு 'டைமர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஆப் லினக்ஸில் ஓடாது. அவள் அவருக்கு நேர்மையாகவே போன் செய்து சொன்னாள்.

"நீங்க என்ன சிஸ்டம் வேணா வச்சுக்கோங்க. ஆப் ஓடணும். திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு ஓடலைன்னா ஃபைல் வராது," என்றார் டைமர்.

வேறு சிஸ்டத்துக்கு எழுதின ஆப்களை லினக்ஸில் ஓட்டிக் காட்டுகிற மென்பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் வைன். "வைன் போட்டா ஓடிடும்னு நினைக்கிறேன்," என்று அவள் கணவனிடம் சொன்னது, காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் காதில் விழுந்துவிட்டது.

"எதைப் போட்டா?" என்றார் மாமியார், கத்தியை அந்தரத்தில் நிறுத்தி.

"கம்ப்யூட்டருக்கும்மா," என்றான் மகன்.

"அதுக்குமா பழக்கிவிட்டீங்க?"

வைன் போட்டதும் ஆப் ஓடியது. மூலையில் பச்சை விளக்கு எரிந்தது. திங்கட்கிழமை ஒன்பதுக்கு ஃபைல்களும் வந்தன. மத்தியானம் டைமர் கூப்பிட்டார்.

"என்ன, உங்க ஸ்க்ரீன் கருப்பாவே வருது? எல்லாப் படமும் கருப்பு. அமாவாசை மாதிரி இருக்கு."

அவளுக்கே அது புதுச் செய்தி. தேடிப் படித்தாள். புதிய லினக்ஸ் திரையில் ஒரு ஆப் இன்னொரு ஆப்பை எட்டிப் பார்க்க முடியாது; கணினியின் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். கேட்காமல் படம் எடுத்தால் கருப்புதான் கிடைக்கும். அவள் திட்டம் போட்டுச் செய்ததல்ல, இயல்பிலேயே அப்படி. சரிசெய்யவும் வழி போட்டிருந்தது: கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைகிற இடத்தில் சிறிய சக்கரப் படத்தை அழுத்தி, பழைய முறைத் திரையைத் தேர்ந்தெடுத்தால் படம் விழும். இரண்டு சொடுக்குதான்.

சுட்டியில் கையை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

இத்தனை வருஷமாக அவள் அதை நினைத்துப் பார்த்ததில்லை. திரையை எட்டிப் பார்க்கிற அந்தக் கண்ணோடு பழகிப்போயிருந்தது. இப்போது இந்தக் கணினி வீட்டு விஷயத்தைக் கேட்காமல் வெளியே சொல்ல மாட்டேன் என்கிறது. போய்ச் சொல் என்று அதன் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது அவளாகத்தான் இருக்கும்.

மூன்று நாள் டைமர் கூப்பிட்டார். மூன்று நாளும் அவள், "ஆப் ஓடணும்னீங்க, ஓடுது சார்," என்றாள். நான்காம் நாள் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

நிறுவனத்தின் உரிமையாளரை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர். பக்கவாட்டில் டைமர், கையில் ஏசி ரிமோட்டோடு.

"உங்களால இதைச் சரி பண்ண முடியுமா, முடியாதா?" என்றார் மேடம்.

"முடியும் மேடம். ரெண்டு நிமிஷ வேலை."

"அப்புறம் என்ன?"

"பண்ண மாட்டேன்."

டைமர் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். "பார்த்தீங்களா மேடம்? நான் சொல்லல? வேணும்னே..."

"வேணும்னேதான் சார்," என்றாள் அவள். "என் வேலைல தப்பு இருந்தா எடுத்துக் காட்டுங்க. லேட்டுன்னா திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா நான் அடிக்கிறது ஊர்க் கதை இல்ல மேடம். யாருக்கு மார்புல கட்டி, யாருக்குக் கரு தங்கல, யாரு தூக்க மாத்திரைய மொத்தமா முழுங்கினாங்க, எல்லாம் பேரோட அந்தத் திரையில இருக்கு. அதைத்தான் படம் புடிச்சு அனுப்புது. அது எங்க போய் உட்காருதுன்னு யாருக்காவது தெரியுமா?"

"சர்வர்ல," என்றார் டைமர்.

"யாரோட சர்வர்ல?"

"ஆப் கம்பெனியோடது."

"அது எங்க இருக்கு சார்? அங்க அதை யாரு பார்க்கிறாங்க?"

டைமர் ரிமோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே பதில் எழுதியிருக்கவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சரி. நான் விசாரிக்கிறேன். அதுவரைக்கும் உங்களோடது கருப்பாவே இருந்துட்டுப் போகட்டும்."

அத்தோடு நன்றி சொல்லி எழுந்து வந்திருக்கலாம். கணவனாக இருந்தால் அப்படித்தான் வந்திருப்பான். அவள் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு மட்டும்னா வேண்டாம் மேடம். எட்டுப் பேர் அடிக்கிறோம். மத்த ஏழு பேர்கிட்ட வர்ற நோயாளிங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க?"

"அதை அப்புறம் பார்க்கலாம்," என்றார் மேடம், வாசலைக் காட்டுகிற குரலில்.

அப்புறம் என்பது வரவில்லை. அதற்குப் பதிலாக டைமரின் கைங்கரியம் வந்தது. மறுநாளிலிருந்து அவளுக்கு விழுந்தவையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற ஒரு டாக்டரின் பதிவுகள். நோயின் பெயர் வருகிற இடத்தில் சரியாக அப்பளம் கடிப்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தாள். கொழுந்தன், "அண்ணி, ஒரு புது லேப்டாப் வாங்கியிருந்தா இவ்வளவு கூத்து வந்திருக்குமா?" என்றான். "வந்திருக்காது. அதான் வாங்கல," என்றாள்.

கூடவே மற்ற ஏழு பேருக்கும் போன் செய்தாள். நயந்தெல்லாம் பேசவில்லை, மேடம் அறையில் கேட்டதையே அவர்களிடமும் கேட்டாள். "உனக்கென்ன, உன் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரு," என்று ஒருத்தி போனை வைத்தாள். இன்னொருத்தி அழுதாள்: தன் தங்கையின் அறிக்கையே ஒருமுறை தன்னிடம் வந்ததாம், அடிக்கும்போதே படம் எடுத்துக்கொண்டு போயிற்றாம், யாரிடமும் சொன்னதில்லையாம். அந்த விஷயத்தை அழுதவளே மற்றவர்களிடமும் சொன்னாள். அதற்குப் பிறகு பெடல் அக்கா பேச வேண்டியிருக்கவில்லை. போனை வைத்தவள்கூட இரண்டு நாள் கழித்துத் தானே கூப்பிட்டு, "எப்பப் போறோம்?" என்றாள்.

எட்டுப் பேரும் ஒன்றாகப் போய் நின்றபோது டைமர் அறையில் இரண்டு நாற்காலிதான் இருந்தது. யாரும் உட்காரவில்லை. "இதெல்லாம் வேலை நேரம். பதினோரு மணிக்கு ஃபைல் போகணும்," என்று கடிகாரத்தைக் காட்டினார். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பதினொன்று அடித்து, அதற்கும் மேலே போயிற்று. ஆஸ்பத்திரிகளிலிருந்து போன்கள் அடிக்க ஆரம்பித்ததும் மேடம் தானே வெளியே வந்தார். எட்டு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தான் விசாரித்ததாகவும், ஆப் கம்பெனிக்காரன் நாலு நாளாக மழுப்பிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

"படம் எடுக்கிறதை நிறுத்திடுங்க," என்றார் டைமரிடம். "எல்லாருக்கும். நேரம் மட்டும் குறிச்சாப் போதும். இதுவரைக்கும் போன படத்தையெல்லாம் அழிக்கச் சொல்லி நானே எழுதறேன்."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இப்பத் திருப்தியா?"

"பாதி, மேடம்," என்றாள். "அப்பள டாக்டரை எட்டுப் பேருக்கும் சமமா பிரிச்சுக் கொடுக்கச் சொல்லுங்க."

பின்னாலிருந்து யாரோ, "ஐயோ அக்கா," என்றார்கள்.