பத்தொன்பது டேக்

1

இந்தக் கதையை நான் தேடிப் போய்ப் பிடிக்கவில்லை. மியூசிக் கம்பெனி நடத்தும் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை அவர் பெயரிலேயே எழுதித்தர ஒப்புக்கொண்டு போயிருந்தேன். போன இடத்தில் ஒரு பெண் வந்து கேட்ட கேள்வி என் காதிலும் விழுந்துவிட்டது. புத்தகம் முடிந்து அச்சாகியும் விட்டது. கேள்வி மட்டும் என்னிடம் மிஞ்சிவிட்டது.

தொடக்கம் இப்படி இருக்கலாம்: ‘துணி அலமாரிக்குள் மைக்கைத் தொங்கவிட்டு ராப் பாடிய இரண்டு நண்பர்களில் ஒருவர், இன்று மூன்று மாடிக் கட்டடத்தில்…’

(வேண்டாம். இது புத்தகத்தின் பின்னட்டைக்கு எழுதியது. கை பழகிவிட்டது.)

2

நண்பர்கள் இருவர் என்பது உண்மை. ஒருவர் பீட் போடுவார், பாடுவார், தன்னைப் போல் பாடுகிறவர்களைச் சேர்த்துக் கம்பெனியும் தொடங்கினார். மற்றவருக்குக் குரல் மட்டும்தான் சொத்து. அந்தக் குரலை வைத்தே அவருக்குக் ‘கரகரா’ என்று பெயர் வந்தது. நண்பரை அலமாரிக் காலத்திலேயே ‘முதலாளி’ என்று கிண்டலாகக் கூப்பிட்டவரும் அவர்தான். கிண்டல் பலித்துவிட்டது.

முதலாளியைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன், வரவில்லை. எல்லோரும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஆனால் ரெக்கார்டிங்கில் அவருக்கு ஒரு பழக்கம். எவ்வளவு நன்றாகப் பாடினாலும் “இன்னொன்னு” என்பார்.

‘அன்று கரகராவுக்கு இளைப்பு இருந்தது, ஆனாலும் அவர்…’

(இந்த வாக்கியத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். ‘ஆனாலும் அவர்’ என்றாலே பழி செத்தவர் தலையில் விழுகிறது.)

நேராகவே சொல்கிறேன். ஆஸ்துமா. இன்ஹேலரை உறிஞ்சி உறிஞ்சிப் பாடினார். இளைப்பும் சேர்ந்ததில் குரல் இன்னும் நன்றாக இருப்பதாக முதலாளிக்குத் தோன்றியது. ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து “இன்னொன்னு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரே பாட்டுக்குப் பத்தொன்பது டேக். மாலையில் வீட்டு மாடிப்படியில் விழுந்த கரகரா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

பாட்டு ஹிட். பஸ், ஜிம், செல்போன் கடை, எங்கே போனாலும் அதுதான்.

3

நான்கு மாதம் கழித்து, புத்தகத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது, முதலாளி அந்தப் பாட்டின் ரெக்கார்டிங் ஃபைலைத் திறந்து காட்டினார்.

“ரெண்டாவது டேக்தான் சார் போட்டிருக்கேன். பெரும்பாலும் ஆரம்பத்துலயே வந்துடும். மிச்சமெல்லாம் நம்ம திருப்திக்கு எடுக்கறது.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. திரையை அணைத்தார். எனக்கு அவர்மேல் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் கரகராவின் மனைவி வந்தார்.

“அண்ணா, பாட்டுல இருக்கறது எத்தனாவது டேக்?”

“எதுக்கும்மா இப்ப அதெல்லாம்?”

“பத்தொன்பது தடவ பாடுனாருன்னு சொன்னாங்க. அதுல எதுன்னு மட்டும் சொல்லுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் என் நோட்டைப் பார்த்தேன்.

“கடைசி டேக்மா. அதுலதான் வந்துச்சு.”

“அப்ப சரிண்ணா,” என்றார். “வீணா பாடல.”

4

முடிவு அ: முதலாளி அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லி அழுகிறார். (போகமாட்டார். இல்லாத தைரியத்தை அவருக்கு நான் கொடுத்தால், அது இன்னொரு பின்னட்டை.)

முடிவு ஆ: அந்தப் பெண்ணுக்கு எல்லாம் முன்பே தெரியும், மன்னித்தும்… (நமக்குத் தூக்கம் வருவதற்காக அவர் மன்னிக்க வேண்டுமா?)

புத்தகத்தில் ‘கடைசி டேக்’ என்றுதான் எழுதினேன். முதலாளி கேட்டுக்கொண்டார், நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதை நினைத்தால் கூசுகிறது. அதற்காகத்தான் இந்தத் தாள்களை எழுத ஆரம்பித்தேன்.

நேற்று அந்தப் பெண் போன் செய்தார். “அண்ணா, அன்னிக்கு நோட்டோட உக்காந்திருந்தீங்களே, நீங்கதானே எழுதுனது? நடந்தத நடந்தபடி எழுதியிருப்பீங்கல்ல. பொண்ணுக்குப் படிச்சுக் காட்டணும். நானே வந்து வாங்கிக்கறேன்.”

புத்தகமும் இந்தத் தாள்களும் மேசைமேல் இருக்கின்றன. அழைப்பு மணி அடிக்கிறது. கதவைத் திறக்க நான் போகிறேன். மேசைப் பக்கத்தில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றை எடுத்து ஒளித்து வையுங்கள். எதை என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.