கழுகில் இல்லாத நெபுலா

வானாய்வு நிலையத்தின் அட்டவணைப் பிரிவில் அவளுக்கு ஒரே வேலை: பழைய பட்டியல்கள் மூன்றையும் ஒன்றாக்குவது. எல்லாம் கிரக நெபுலாக்கள். பெயரில்தான் கிரகம், உண்மையில் சாகப்போகும் நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயு. ஒரே நெபுலாவுக்கு மூன்று பட்டியலில் மூன்று எண். ஒன்றில் கழுகு விண்மீன் குழுவில் இருப்பது, இன்னொன்றில் பக்கத்து அம்புக் குழுவில் இருக்கும். எட்டு மாதமாகத் தலைவேதனைதான் மிச்சம்.

இந்த லட்சணத்தில் 317ஆம் எண் வந்து நின்றது. கழுகில் ஒரு மங்கல் புள்ளி. புதிய படத்தில் பார்த்தாள். வாயுவும் இல்லை, வளையமும் இல்லை. சாதாரணச் சிவப்பு நட்சத்திரம். அடித்துவிட வேண்டியதுதான். ஆனால் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவள் சித்தப்பாவின் பெயர் இருந்தது.

அதே நிலையத்தில், வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகளைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். பட்டியலில் அவர் பெயர் வருவது அந்த ஓர் இடத்தில்தான். சித்தி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். வந்தவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் காபி குடித்துவிட்டுப் போக முடியாது.

மூன்று வாரம் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தி குளிக்கப் போன நேரம் பார்த்து, மென்று விழுங்கிச் சொன்னாள்.

சித்தப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"எனக்கு பத்தொன்பது வருஷமா தெரியும்மா. புதுக் கருவி வந்தப்பவே பாத்துட்டேன். எடுத்துடுங்கன்னு ஆபீஸுக்கு மூணு தடவை எழுதினேன். 'தங்கள் கண்டுபிடிப்புக்கு நன்றி'ன்னு மூணு தடவையும் பதில் வந்துச்சு."

"சித்திகிட்ட சொல்லலையா?"

"அவ சட்டம் போட்டுட்டாளே."

மறுநாள் கோப்புகளைக் கிளறினாள். மூன்று கடிதங்களும் பாராட்டுக் கடிதங்களோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. முதல் வரியைத் தாண்டி எவரும் படித்ததாகத் தெரியவில்லை. பிரிவுத் தலைவரிடம் கொண்டுபோனால், கண்டுபிடித்தவரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார். கையில் இருப்பது அதுதான், ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது என்றாள். பழைய தேதி செல்லாது, புதிதாக வாங்கி வா என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சித்தப்பா நான்காவது கடிதத்தைச் சுருக்கமாக எழுதினார்: "317 நெபுலா அல்ல. தவறு என்னுடையது. தயவுசெய்து நன்றி சொல்லாதீர்கள்." அதை அவளே எடுத்துப்போய், தலைவர் கையெழுத்துப் போடும்வரை எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். 317 ஒரு வழியாகப் பட்டியலைவிட்டுப் போனது.

விஷயம் தெரிந்ததும் சித்தி இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. பத்தொன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷனிடம் மட்டும் அன்றைக்கே பேசித் தீர்த்துவிட்டாள். மதியம் தொடங்கி விளக்கு வைக்கும் வரைக்கும்.