ஓட்டுநர் பக்கக் கதவு

“இடுப்பால ஒரு இடி இடிக்கணும். அப்புறம் கைப்பிடியத் தூக்கினா வந்துடும். எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.”

“ரோட்டுல போறவனுக்குத் தெரியாதே, அண்ணி.”

சொன்ன பிறகுதான் அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கொட்டிய சொல்லை அள்ள முடியுமா? அண்ணி கார் கொட்டகைச் சுவரோரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

அண்ணன் போய் முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. தன் மாவு ஆலையிலிருந்து வீடு திரும்பும் வழியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். மற்ற மூன்று கதவுகளையும் பூட்டியே வைப்பது அவர் வழக்கம். பூட்டாத அந்த ஓட்டுநர் பக்கக் கதவு உள்ளேயிருந்த அவர் கைக்கும் திறக்கவில்லை, வெளியே நின்று இழுத்தவர்கள் கைக்கும் திறக்கவில்லை. யாரோ கல்லெடுத்துப் பின்பக்கக் கண்ணாடியை உடைப்பதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. அந்தப் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அண்ணி கேட்டதற்கு, சொல்ல முடியாதும்மா என்றார் மருத்துவர். பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து வண்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போகிறாள். அப்பா ஓட்டிய வண்டியை யாருக்கும் விற்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை, அது யார் செய்த தவறு என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். ஃபோனை வைத்த கையோடு அண்ணி கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

அவன் மெக்கானிக். ஊரார் வண்டிகளையெல்லாம் பார்த்தவன், அண்ணன் மூன்று முறை சொல்லியும் இந்தக் கதவை மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிவந்தான். தம்பி கண்ணுக்கு என் கார் மட்டும் மாட்டுவண்டியாகத் தெரிகிறது என்று ஆலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் சொல்லிச் சிரிப்பாராம்.

மூன்று கதவுகள் சீக்கிரமே வழிக்கு வந்தன. பழைய வண்டிக்கு வரும் இறுக்கம்தான். துரு விடும் எண்ணெயை இடுக்கில் பீய்ச்சி, கைப்பிடியை ஐம்பது தடவை தூக்கி இறக்கி, கசிந்த செம்பழுப்பு அழுக்கைத் துடைத்து, வெள்ளை கிரீஸ் தடவினான்.

நான்காவது மசியவில்லை. இடுப்பால் இடித்துத் திறந்து, திருகுகளைக் கழற்றி உள்பக்க அட்டையை எடுத்தான். ஈரம் புகாமலிருக்க ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். பூட்டுக்குப் போகும் கம்பி நன்றாகத்தான் இருந்தது. ஸ்பிரிங்கைச் சுற்றித்தான் மஞ்சளாக ஏதோ இறுகி அப்பியிருந்தது. சுரண்டினால் மெழுகுபோல வந்தது. முகர்ந்து பார்த்தான். சமையல் எண்ணெய். அதோடு மாவு.

ஆலையின் மாவுத்தூசி அண்ணனின் புருவத்தில்கூட ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். கதவிடுக்கில் புகுந்ததில் வியப்பில்லை. எண்ணெய் தானாகப் புகாது.

“என்ன இருக்கு, தம்பி?”

“துருதான், அண்ணி.” அவன் தலையை நிமிர்த்தவில்லை. “அண்ணன் சொன்னப்பவே நான் பாத்திருக்கணும். என் தப்பு.”

பழைய பல்துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து அந்தப் பசையை அணு அணுவாகக் கரைத்தான். துடைத்தான், காயவிட்டான், கிரீஸ் வைத்தான். சாத்திய கதவு மறுபடி மாட்டிக்கொண்டால் வம்பு என்று, திறந்திருக்கும்போதே கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளிப் பூட்டிவிட்டுக் கைப்பிடியைத் தொட்டான். டக்கென்று விட்டது. உள்பக்கமும் விட்டது. ஒரு விரல் போதுமாயிருந்தது. அதை அவனால் தாங்க முடியவில்லை.

அண்ணி எழுந்து வந்து கதவைச் சாத்தித் திறந்தாள். மறுபடி சாத்தித் திறந்தாள். பிறகு குனிந்து, அவன் காலடியில் போட்டிருந்த அழுக்குத் துணியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மண்ணெண்ணெய் நெடியையும் மீறிச் சமையல் எண்ணெய் மணத்தது. இருபத்தாறு வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு அந்த வாசனை தெரியாதா?

ஒரு மழைநாளில் கரண்டியில் எடுத்துவந்து ஊற்றியதை மெல்லிய குரலில் சொன்னாள். அன்றைக்குக் கதவு வழுக்கிக்கொண்டு திறந்ததாம். தம்பியைவிட நீ கெட்டிக்காரி என்று அவர் மெச்சினாராம். மறுபடி இறுகியபோது அவரிடம் சொல்லாமல் இன்னொரு கரண்டி விட்டிருக்கிறாள். அப்புறம்தான் எல்லாரும் இடுப்பால் இடிக்கப் பழகினார்கள்.

சித்தப்பா, சித்தப்பா என்று தன் தோளில் தொங்கிய சிறுமி இப்போது தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று அவன் நினைத்துப் பார்த்தான். இறந்த செய்தி கேட்டு ஓடிவந்தபோதும் அவள் முதலில் கட்டிக்கொண்டு அழுதது அவனைத்தான்.

அண்ணி துணியை நான்காக மடித்தாள்.

“எனக்கு இனி அவ ஒருத்திதான் இருக்கா, தம்பி. எங்கிட்ட இப்ப சொன்னீங்களே, துரு, என் தப்புன்னு… ஞாயித்துக்கிழமை அவகிட்டயும் அதையே சொல்லிடுங்க.”