அட்டைப்படத்தில் பெயாட்ரிஸ்

பெயாட்ரிஸ் கசோங்காவின் தோள் வழியாகச் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. அதில் மணி பார்த்துவிட்டு வெர்னா உன்ரூ காரை நோக்கி ஓடினாள். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு. எதையும் பொருட்படுத்தவில்லை. "படுத்தே இரு கண்ணு, உன் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று விடுதி அறையில் சொல்லியிருந்தாள். பெயாட்ரிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெர்னா படியிறங்கிவிட்டாள்.

கான்சாஸ் கோதுமை வயல்களுக்கு நடுவே மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபையார் கட்டிய சின்னக் கல்லூரி அது. விவசாயிகள் வீட்டில் பிள்ளைகள் குறையக் குறைய வகுப்புகள் காலியாகின. இழுத்து மூடிவிடலாமா என்று நிர்வாகக் குழு யோசித்துக்கொண்டிருந்த வருஷத்தில்தான், அதே சபையைச் சேர்ந்த பெயாட்ரிஸ் காங்கோவின் சிகாப்பாவிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். மாணவர் சேர்க்கை வெர்னாவின் பொறுப்பு. கறுப்பான, கண்ணால் சிரிக்கிற அந்த முகத்தை விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் போட்டாள். மறு வருஷம் ஹூஸ்டனிலிருந்து கறுப்பினப் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கடுத்த வருஷம் இறைச்சி ஆலைத் தொழிலாளிகளான மெக்சிகோக்காரர்களின் பிள்ளைகளும் வியட்நாம் பிள்ளைகளும் வந்தார்கள். ஆகவே படங்கள் கூடின. நூலகத்தில் பெயாட்ரிஸ், சோதனைச்சாலையில் பெயாட்ரிஸ், கால்பந்துத் திடலில் பந்தைத் தொட்டே அறியாத பெயாட்ரிஸ்.

ஒவ்வொரு படமும் அவளிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டது. முதலில் சுண்டுவிரல் நகம் தெரியாமல் போனது, அப்புறம் நிழல் விழவில்லை, மூன்றாம் வருஷம் இடது கை வழியாக வயல் தெரிந்தது. ஊர் இதை மழை பொய்த்ததைப் போல எடுத்துக்கொண்டது. அடுத்தவர் குறையை முகத்துக்கு நேரே சொல்வது அங்கே பழக்கமில்லை. "வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினா சரியாயிடும்" என்றார் படம் எடுக்கும் டெல்பர்ட். சிகாப்பாவிலிருந்து அம்மா தொலைபேசியில் பேசும்போது மட்டும் அவளுக்கு நிறம் முழுதாகத் திரும்பும், நிழல்கூட விழும். வைத்ததும் போய்விடும். வெர்னா அதைக் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் ஓடினாள். பெயாட்ரிஸை நன்றாக அறிந்த ஒரு வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், பெண் தங்கிவிடுவாள்.

அப்படி ஒரு வீடு இல்லாமலா இருக்கும்? ஞாயிறு மதியம் கல்லூரிச் சமையற்கூடம் மூடியிருக்கும். ஒவ்வொரு பிள்ளையையும் ஏதாவது ஒரு குடும்பம் ஃபாஸ்பா என்கிற ஞாயிறு சிற்றுணவுக்கு வீட்டுக்கு அழைத்துப் போய்விடும். ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்த இரட்டை பன், சீஸ், பிளம் ஜாம், காபி. யாரும் ஏற்பாடு செய்வதில்லை, தானாக நடக்கும். அந்த மேஜைகளிலும் பெயாட்ரிஸைப் படம் எடுத்திருந்தார்கள். 'எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று அடியில் எழுதியவள் வெர்னாதான்.

முதலில் காஃப்மன் வீடு.

"உள்ள வா வெர்னா, காபி சூடா இருக்கு" என்றாள் லவோன் காஃப்மன்.

"காபியெல்லாம் அப்புறம். பெயாட்ரிஸ் போயிட்டிருக்கா. உன் வீட்டுல பழகின பொண்ணுதானே, கிளம்பு."

"இங்க ஒரே ஒரு தடவைதான் வந்தா, படத்துக்கு. பன்னைக் கையில எடுத்தா. கடிக்கறதுக்குள்ள வெளிச்சம் போகுதுன்னு டெல்பர்ட் கிளப்பிட்டுப் போயிட்டார். அவ ஷ்ராக் வீட்டுக்குல்ல போவா? புத்தகத்துலயே பாத்தேனே!"

ஷ்ராக் வீட்டில் கிழவர் ஆர்வில் தலையைச் சொறிந்தார். "எங்க வீட்டுக்கா? நாங்க காஃப்மன் வீட்டுக்குப் போறான்னுல்ல நினைச்சோம். என் பொண்டாட்டிகூட சொன்னா, லவோன் பன் ருசி கண்டவ நம்ம கல்லு பன்னைத் தின்ன வருவாளான்னு." சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் எல்லா வாசலிலும் அதே பதில், பெயர் மட்டும் வேறு. நல்ல ஜனங்கள். கேட்டதும் பதறிப்போய், அடுப்பிலிருந்ததைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வெர்னாவின் பின்னாலேயே காரில் கிளம்பினார்கள். மெயின் தெருவில் கார் வரிசை சாவு ஊர்வலம்போல் நீண்டது.

பிறகு நடந்தது அந்த ஊரில் எல்லோரும் அறிந்ததே. அத்தனை காரும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் போர்வை மட்டும் இருந்தது. கல்லூரி மூடப்படவில்லை. அட்டைப்படம் பார்த்து வந்த பிள்ளைகளுக்கு விடுதியில் இடம் போதவில்லை. சிற்றாலயத்தில் வாத்தியமில்லாமல் நாலு குரலில் பாடும்போது, ஆளில்லாத மூன்றாம் வரிசை ஓரத்திலிருந்து ஒரு பெண்குரல் இன்றும் சேர்ந்துகொள்கிறது. புதுப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அந்த இடத்தை விட்டு உட்காருகிறார்கள். சமையற்கூடம் இப்போது ஞாயிறும் திறந்திருக்கிறது.

ஆனால் அந்த ஞாயிறு, கடைசி வாசலில் நின்றபோது, வெர்னாவுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. அல்மா ரெகியர், பெயாட்ரிஸ் பாடிய பாடகர் குழுவின் ஆசிரியை. அந்தப் பெண்ணின் குரலை அவளைவிட யார் அறிவார்?

"அல்மா, நீயாவது சொல்லு. ஞாயித்துக்கிழமை உன்கிட்டதானே வந்தா?"

அல்மா அவளையும், பின்னால் வரிசையாக நின்ற கார்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்னடி கேக்கற? ஒவ்வொரு வாரமும் கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வரும். உன்கிட்டேருந்து எதுக்குப் பிடுங்கணும்னு விட்டுடுவேன். அவ உன் வீட்டுக்குத்தானே வந்திட்டிருந்தா, வெர்னா?"