முன்னறைக்கு எந்தச் சாம்பல் நிறம்?

தையல்காரியின் முன்னறைச் சுவரில் பெயின்டர் மாதிரிக்கு அடித்துவைத்த இரண்டு பட்டைகள். ஒன்று லேசாக நீலம் ஓடிய சாம்பல் நிறம், மற்றது பழுப்பு ஓடியது. தெருவில் பாதிப் பேர் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாயிற்று. ஜிப்பு மாற்ற வந்தவள் ஜிப்பையே மறந்துவிட்டுப் போனாள். யார் கண்ணுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை.

தையல்காரிக்கோ அது வாழ்வா சாவா விவகாரம். தனியாகக் கிடந்து அலுத்துப்போய், புருஷன் போனபின் தன்னைப் போலவே ஒண்டிக்கட்டையாகிவிட்ட அக்காவைக் கூடவே வந்து இருக்கச் சொல்லியிருந்தாள். அக்கா லேசில் மசிகிறவளா? "அப்பா இருந்தப்ப இருந்த அதே கலர் அடிச்சு வை. இல்லேன்னா வந்த வழியே போயிடுவேன்." இன்று வந்தவள் பெட்டியை வாசற்படி தாண்ட விடவில்லை.

"நீலந்தான்," என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"பழுப்புக்கா. இந்த ரூம்லயே கிடந்தவ நான்."

"கிடந்தா போதுமா? அப்பா அடிக்கிறப்ப வாளி பிடிச்சவ நான்டி!"

"ரெண்டும் காஞ்சா ஒண்ணுதாம்மா," என்றார் பெயின்டர். இருவரும் சேர்ந்து முறைத்ததில் மனிதர் பிரஷ்ஷைத் துடைக்கப் போய்விட்டார்.

அப்பா போனபின் சுவருக்கு வெள்ளையடித்தவன் சரியான சோம்பேறி. பீரோவை நகர்த்தாமல் சுற்றி அடித்துவிட்டுப் போயிருந்தான். பழைய நிறம் அங்கே இருக்கும், ஜெயித்துவிடலாம் என்ற தைரியத்தில், "பீரோவை நகர்த்துங்க," என்றாள் தையல்காரி.

பீரோ நகர்ந்தது. ஓரத்தில் கையகலத்துக்குப் பழுப்பு. உள்ளே, காற்றுகூடப் படாத நடுவில், சுத்தமான நீலச் சாம்பல்.

தையல்காரி அந்தப் பழுப்பை உற்றுப் பார்த்தாள். அப்பாவின் நாற்காலி பீரோவை ஒட்டித்தான் கிடக்கும். அவர் ஊதித் தள்ளிய சுருட்டுப் புகையைத்தான் இத்தனை காலமாகப் பெயின்ட் என்று நினைத்திருக்கிறாள்!

அக்கா பழுப்பைத் தடவிப் பார்த்தாள். "இவ்வளவா பிடிச்சாரு?"

"நீ கல்யாணமாகிப் போனப்புறம்தான்க்கா. சாயங்காலமானா வாசலைப் பார்த்துக்கிட்டு ஊதிக்கிட்டே இருப்பாரு."

அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "பழுப்பையே அடி," என்றாள்.

"வேண்டாம்க்கா. அவர் ஆசையா அடிச்சது நீலம்."

"பழுப்புன்னா பழுப்பு!"

"நீலம்!"

"காலையிலேருந்து இதையேதானம்மா சொல்றீங்க, ஆளை மாத்தி!" என்று பெயின்டர் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். போச்சு, எல்லாம் போச்சு என்று தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பெட்டி கட்டிலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது.

"இதுக்கு ஒரு முடிவு தெரியாம நான் எங்கயும் போறதா இல்ல," என்ற அக்கா, அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.