நான் ஊரில் இல்லாத நான்கு நாள்

என் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை தெரியுமா? வருகிறவன் போகிறவன் முகத்திலெல்லாம் கண்ணாடியை மாட்டி, காதோரம் சரிசெய்து, "இப்ப நல்லா தெரியுதா சார்?" என்று குழைவது. கட்டின புருஷன் காதோரம் அந்தக் கை பட்டு எத்தனை நாளாகிறது! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நான் லிஃப்ட் மெக்கானிக். மாதம் ஒரு தடவையாவது வெளியூர் போக வேண்டும். போன மாதம் நான்கு நாள் வேலைக்குக் கிளம்பும்போது அவளுடைய கருத்தடை மாத்திரை அட்டையை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏங்க, அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"நான்தான் ஊர்லயே இல்லையே. உனக்கு எதுக்கு மாத்திரை?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சரியான கேள்வி கேட்டு மடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

இந்த மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போய் எட்டு நாளாகிவிட்டது. இரண்டாவது பிரசவத்தில் ரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வந்து, அவள் பிழைத்ததே மறுபிறவி. இன்னொரு தடவை தாங்காது என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். பயத்தில் நானே அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

பரிசோதனையில் கரு இல்லை என்று வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டரம்மா விடவில்லை; மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இடையில நாலு நாள் ஏம்மா மாத்திரை போடல?"

"இவர் எடுத்துட்டுப் போயிட்டார்."

"வேற அட்டை வாங்கியிருக்கலாமே?"

"வாங்கினா அதுக்கு ஒரு விசாரணை நடக்கும் டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், நீங்க வீட்ல இருக்கீங்களா இல்லையான்னு மாத்திரைக்குத் தெரியாது. தினமும் போட்டாத்தான் அது வேலை செய்யும். நடுவுல விட்டா நீங்க திரும்பி வந்ததும் ஆபத்துதான்."

பிறகு அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். இப்போதும் கொஞ்சம் அதிகம்தானாம்; அதனால் இந்த மாத்திரையே அவளுக்குச் சரிப்படாதாம். "காப்பர் டி உங்களுக்கு நல்லா ஒத்துக்கும். ஹார்மோன் இல்ல. பத்து வருஷம் வரைக்கும் கவலை இல்ல, எப்ப வேணாலும் எடுத்துடலாம். முதல் சில மாசம் உதிரப்போக்கு கொஞ்சம் அதிகமா இருக்கும், அவ்வளவுதான். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு டெஸ்ட் பாத்துட்டு வைக்கலாம். அதுவரைக்கும் ஆணுறை."

பத்து வருஷம்! பத்து வருஷம் நான் வெளியூரில், அவள் கடையில், கேட்பாரில்லை. சீ, என்ன புத்தி இது என்று எனக்கே தோன்றியது. தோன்றினாலும் போகவில்லை.

"இல்லேன்னா, சார், ஆம்பிளைக்குப் பண்றது இதைவிடச் சுலபம். சின்ன ஆபரேஷன், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். மூணு மாசம் ஆணுறை, அப்புறம் ஒரு டெஸ்ட், அவ்வளவுதான்."

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. "எனக்கே பண்ணிடுங்க டாக்டர்!" என்றேன்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களாம்மா? இப்படித் தானா கேக்கற ஆம்பிளை வருஷத்துக்கு ஒருத்தர் வந்தா பெரிசு."

"வேண்டாம் டாக்டர்," என்றாள் அவள். "எனக்கே காப்பர் டி வைங்க."

"ஏம்மா, அவர் மனசார சொல்றாரே?"

"என் மேல இருக்கற அக்கறையில சொல்லல. இவருக்கு ஆபரேஷன் ஆனப்புறம் எனக்கு நாள் தள்ளிப்போனா, யாருதுன்னு கேக்கலாமில்ல, அதுக்குத்தான் இந்த அவசரம். எட்டு வருஷமா குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா? அப்படி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. இங்கயே இவர்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் காத்திருந்தாள். பொய்யாகவாவது நான் சொல்லிவிட மாட்டேனா என்று அந்த முகம் கெஞ்சியது.

டாக்டரம்மா பேனாவை எடுத்து, அவள் கேட்டபடியே காப்பர் டி என்று எழுதினார். அதன் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.